சிமெண்டை உரித்து, அடிச்சட்டம் மாற்றி: ஒரு சஃபோக் பண்ணை வீட்டுச் சுவரின் கதை

எங்கள் வீட்டுக் கூடத்தில், முன்பக்கச் சுவரின் அடியில் மூன்று வருடமாகப் பெயிண்ட் உரிந்துகொண்டே இருந்தது. வசந்தம் வந்ததும் சுரண்டி மறுபடி அடிப்போம். அடுத்த ஜனவரிக்குள் பழையபடி பொரிந்துவிடும். 2022 நவம்பரில் ஒருநாள் தரையோரப் பலகையைக் கழற்றி, பின்னால் இருந்த மரத்தில் திருப்புளியை வைத்து லேசாக அழுத்தினேன். பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. வெளியே எடுத்தால், நுனியில் ஈரமான காப்பிப் பொடி மாதிரி ஒட்டியிருந்தது ஓக் மரம்.

இந்த வீடு இங்கிலாந்தின் கிழக்கே, சஃபோக் கவுண்டியின் களிமண் மேட்டில் இருக்கிறது. கல் கிடைக்காத பகுதி இது. அதனால் ஓக் மரத்தில் கூடு கட்டி, இடைவெளிகளைக் களிமண்ணால் அடைத்திருக்கிறார்கள். வீட்டுக்குப் பின்னால் உள்ள குளம், சுவருக்கு மண் எடுத்த பள்ளம்தான். மரக்கூட்டின் எடை முழுவதும் தரையோரமாகப் படுத்திருக்கும் ஒரு நீளமான அடிச்சட்டத்தின் மேல் நிற்கிறது. அந்தச் சட்டத்துக்குக் கீழே சிக்கிமுக்கிக் கல்லும் செங்கலும் சேர்ந்த ஒரு தாழ்ந்த பீடம். திருப்புளி இறங்கியது அந்த அடிச்சட்டத்தில்.

காரணம் கண்டுபிடிக்க வெகுநேரம் ஆகவில்லை. வெளியே பூப்பாத்தி ஒன்று. வருடா வருடம் மண்ணும் உரமும் கொட்டி, பீடத்துக்கு மேலே ஒரு சாண் அளவு உயர்ந்திருந்தது. அதோடு சுவர் முழுக்க சிமெண்ட் பூச்சு. முன்பிருந்தவர்கள் விட்டுப்போன கோப்பில் அதற்கான 1968ஆம் வருடத்து பில் இருக்கிறது. அந்தக் காலத்தில் நல்லது என்று நினைத்து எல்லோரும் செய்த வேலை அது. ஆனால் மரக்கூடு கோடையில் சுருங்கும், குளிரில் உப்பும், காற்றுக்கு அசையும். சிமெண்ட் அசையாது, விரிசல்தான் விடும். முடி மாதிரியான விரிசல் வழியே மழைத்தண்ணீர் உள்ளே போய்விடும். திரும்பி வர வழியில்லாமல் அது கீழே இறங்கி, அடிச்சட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஐம்பது வருடத்துக்கு மேல் இதுதான் நடந்திருக்கிறது. ஈரமானியை வைத்துப் பார்த்தால் 28 சதவீதம் காட்டியது. 20ஐத் தாண்டினாலே மரத்துக்கு ஆபத்து.

வீடு, பழமைக்காகச் சட்டம் பாதுகாக்கும் கட்டிடங்களின் பட்டியலில் இரண்டாம் தரத்தில் உள்ளது. அனுமதி இல்லாமல் மாற்றம் செய்தால் அது குற்றம். முதலில் பூப்பாத்தியை வெட்டி எடுத்து, தரையை 30 சென்டிமீட்டர் தாழ்த்தினேன். சிமெண்டை உரித்துச் சுண்ணாம்பு பூசுவதற்கு விண்ணப்பம் போட்டோம். உள்ளூராட்சியின் பழைய கட்டிடப் பாதுகாப்பு அதிகாரி வந்து பார்த்தார், வரைபடம் கேட்டார், எட்டு வாரத்தில் அனுமதி வந்தது. அந்த எட்டு வாரத்தை வீணாக்கவில்லை. அப்போதுதான் முதல் முறையாக வீட்டை ஒழுங்காகப் படித்தேன்.

படிக்கத் தொடங்கிய இடம் மேல்மச்சு. கூரையின் நடுப்பகுதியில் உள்ள கைமரங்களில் விரல் வைத்தால் கறுப்பாக ஒட்டும். அடுப்புக்கரி மாதிரி பளபளப்பில்லாத கறுப்பு. இரண்டு ஓரங்களிலும் உள்ள கைமரங்கள் சுத்தமான பழுப்பு. நடுவில் இருந்தது மேல்தளமே இல்லாத கூடம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். தரையின் நடுவே அடுப்பு எரிந்திருக்கிறது. புகைபோக்கி கிடையாது. புகை கூரைவரை ஏறி, முகட்டோரத்து இடுக்குகள் வழியே மெல்ல வெளியேறியிருக்கிறது. ஒரு பக்கம் ரொட்டிக்கும் பீருக்குமான இரண்டு சிறு அறைகள், மறுபக்கம் வீட்டுக்காரர்களின் தனியறை. 15ஆம் நூற்றாண்டில் இந்தப் பகுதியில் வசதியான விவசாயி ஒருவர் கட்டும் வீடு இப்படித்தான் இருக்கும். மரத்தின் வளையங்களை எண்ணி வருடம் கண்டுபிடிக்கலாம் என்று எனக்கு ஆசை. ஆனால் எங்கள் மரங்கள் வேகமாக வளர்ந்தவை. ஒரு சட்டத்தில் நாற்பது வளையம் கூடத் தேறவில்லை. அது போதாது. சுவரின் உச்சியில் படுத்திருக்கும் தலைச்சட்டத்தை நீட்டித்த இணைப்பின் வகையையும் கூரையின் அமைப்பையும் வைத்துத்தான் நூற்றாண்டைச் சொல்ல முடிந்தது. பக்கத்து எசெக்ஸில் செசில் ஹியூவெட் என்ற ஆய்வாளர் ஊர் ஊராகப் போய் மர இணைப்புகளை வரைந்து காலவரிசைப்படுத்தினார். அவர் போட்ட பாதையில்தான் இன்றைக்கும் எல்லோரும் போகிறார்கள்.

புகைபோக்கி இல்லாத கூடத்தில் வாழ்ந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. அதனால் ஒரு சனிக்கிழமை மேற்கு சஸெக்ஸின் சிங்கிள்டனில் உள்ள வீல்ட் அண்ட் டவுன்லாண்ட் அருங்காட்சியகத்துக்குப் போனோம். கென்ட் கவுண்டியில் ஒரு நீர்த்தேக்கத்துக்காக அழியவிருந்த பேய்லீஃப் என்ற பண்ணை வீட்டைப் பிரித்துக் கொண்டுவந்து அங்கே மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். கூடத்தின் நடுவே தீ எரிந்தது. நின்றால் கண் எரிகிறது, பெஞ்சில் உட்கார்ந்தால் எரியவில்லை. புகை தலைக்கு மேலே ஒரு மெத்தை மாதிரி மிதக்கிறது. வீட்டுக்கு வந்து எங்கள் கூடத்தின் தாழ்ந்த மேல்தளத்தைப் பார்த்தபோது, அதைப் போட்டவர் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது.

அந்த மேல்தளம் பிற்பாடு வந்தது. அதைத் தாங்கும் பெரிய உத்திரம் சுவரின் எந்தத் தூணோடும் நேர்கோட்டில் இல்லை. ஒரு முனை புகைபோக்கியின் செங்கல்மேல் உட்கார்ந்திருக்கிறது. புகைபோக்கியும் உத்திரமும் ஒரே சமயத்தில் செய்த வேலை. 1570க்கும் 1640க்கும் இடையில் இங்கிலாந்தின் கிராமங்களில் வீடுகள் கூட்டங்கூட்டமாக மாற்றிக் கட்டப்பட்டன என்று வரலாற்றாசிரியர் ஹாஸ்கின்ஸ் 1953இல் எழுதினார். காலவரம்பைப் பற்றிப் பின்னால் வந்தவர்கள் வாதாடினாலும், எங்கள் வீடு அதற்குள் பொருந்துகிறது. புகைபோக்கியை வைக்க அவர்களுக்குக் கிடைத்த இடம், வீட்டைக் குறுக்கே கடக்கும் நடைபாதை. அதனால் இன்றும் வாசல் கதவைத் திறந்தால் இரண்டு முழத்தில் செங்கல் சுவர் எதிரே நிற்கும். புதிதாக வருகிறவர்கள் திகைப்பார்கள். அந்தச் செங்கற்கள் மெல்லியவை, தடிமன் 5 சென்டிமீட்டர் சொச்சம். பின்பக்கச் சாய்ப்பில் உள்ளவை நல்ல பருமன். 1784இலிருந்து 1850 வரை செங்கல்லை எண்ணி வரி போட்டதால், சூளைக்காரர்கள் கல்லைப் பெரிதாக்கிக்கொண்டார்கள். பால் அறைக் கதவின் மேல் ‘டெய்ரி’ என்ற எழுத்துகள் மங்கலாகத் தெரிகின்றன. அதுவும் வரியால் வந்ததுதான். ஜன்னல் வரி இருந்த காலத்தில், பால் அறை என்று எழுதி வைத்தால் அந்த ஜன்னலுக்கு விலக்கு.

ஏப்ரல் மாதம் சாரம் கட்டி உரிக்கத் தொடங்கினோம். மின்சுத்தியல் வேண்டாம் என்று தச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அறுபது வயதைத் தாண்டியவர், இதே கவுண்டியில் பிறந்து வளர்ந்தவர். அதிர்வில் உள்ளே இருக்கும் பழைய மண் உதிர்ந்துவிடும் என்பது அவர் கணக்கு. அகலமான உளியும் சின்ன சுத்தியலும் மட்டும்தான். சிமெண்டுக்குப் பின்னால் கம்பி வலை, அதற்குப் பின்னால் துருப்பிடித்த ஆணிகள். ஓக்கில் உள்ள புளிப்புச் சத்து இரும்பைத் தின்றுவிடும். ஒவ்வொரு ஆணியைச் சுற்றியும் மையைக் கொட்டின மாதிரி நீலக்கறுப்பு வட்டம். ஒரு நாளைக்கு இரண்டு சதுர மீட்டர் உரித்தால் பெரிது.

நான்காவது நாள், கூரையோரத்தில் தலைச்சட்டத்தின் அடிப்பக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். விரல் ஒரு பள்ளத்துக்குள் இறங்கியது. நாலு சென்டிமீட்டர் சதுரம், ஆனால் நேராக வெட்டவில்லை, வைரக்கட்டி போல மூலை முன்னால் பார்த்தபடி திருப்பி வெட்டியிருந்தது. பக்கத்திலேயே இன்னொன்று. மொத்தம் ஐந்து, சம இடைவெளியில். அங்கிருந்து ஆறடி கீழே ஒரு குறுக்குச் சட்டத்தின் மேல்பக்கத்திலும் அதே ஐந்து. கண்ணாடி இல்லாத காலத்து ஜன்னல்! பள்ளங்களில் மரக் கம்புகளை மூலை முன்னால் இருக்கும்படி நிறுத்தியிருக்கிறார்கள். வெளிச்சம் இருபுறமும் வழுக்கிக்கொண்டு உள்ளே வரும். குளிருக்கு உள்பக்கமாக மரக்கதவை இழுத்து மூடியிருப்பார்கள். அது ஓடிய காடி தலைச்சட்டத்தில் அப்படியே இருந்தது. காடியின் ஒரு ஓரம் மட்டும் வழவழப்பாகத் தேய்ந்திருந்தது. கதவின் எடை அந்தப் பக்கம் சாய்ந்து ஓடியிருக்க வேண்டும். சாரத்தின் மேல் நின்றபடி அந்த ஓரத்தைத் திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டிருந்தேன்.

அந்த இடைவெளியில் இப்போது நிற்பவை ஐந்து செங்குத்துக் கட்டைகள். இரண்டு பக்கமும் உள்ள பழைய தூண்களில், மூட்டுகளின் அருகே உளியால் கீறிய ரோமன் எண்கள் வரிசையாகப் போகின்றன. நான்குக்கு நான்கு கோடுதான், ஒன்றைக் கழித்து எழுதும் வழக்கம் இல்லை. பட்டறையில் முழுச் சுவரையும் தரையில் படுக்கவைத்துப் பொருத்திப் பார்த்து, எண் கீறி, பிரித்து வண்டியில் ஏற்றி, இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். இடையில் உள்ள ஐந்து கட்டைகளுக்கும் எண் கிடையாது. துளையில் செருகும் கழுந்து என்ற முனை கூட இல்லை, ஆணி அடித்துச் செருகியவை. ஒன்றின் இடுப்பில் எதற்கும் பொருந்தாத ஒரு துளை. பக்கத்துப் பண்ணைக்காரர் பார்த்துவிட்டு, ‘அது கப்பல் மரம்’ என்றார். இங்கே எல்லாப் பழைய வீட்டைப் பற்றியும் இப்படி ஒரு கதை உண்டு. தச்சர் இல்லை என்று தலையாட்டினார். கடல் எங்கே, இந்தக் களிமண் பாதை எங்கே? பக்கத்தில் இடித்த கொட்டகையின் மரம் அது, நல்ல ஓக்கை யாரும் எரிக்க மாட்டார்கள் என்றார். ஜன்னலை அடைத்தவர், கீழே சிறிதாக, கண்ணாடி பதிக்கும்படி வேறு ஜன்னல் வைத்திருக்கிறார். அதே இடத்தில்தான் இப்போதிருக்கும் விக்டோரியா காலத்து ஜன்னல் நிற்கிறது.

பழைய ஜன்னலைத் திறந்துவிடலாமா? இரண்டு இரவு நானும் மனைவியும் இதையே பேசினோம். படம் எடுத்துப் பார்த்தால் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் பின்னால் போட்ட மேல்தளம் அந்த ஜன்னலின் குறுக்கே நடுவாகப் போகிறது. திறந்தால் பாதி கூடத்திலும் மீதிப் பாதி படுக்கையறைத் தரையோரத்திலும் வரும். அதற்காக அந்த ஐந்து கட்டைகளை அறுக்க வேண்டும். கொட்டகை மரத்தைத் தேடி எடுத்து, அளந்து, செருகி, வீட்டைக் குளிரிலிருந்து காப்பாற்றிய ஒருவரின் வேலை அது. முதலில் கட்டியவர் மட்டும் அசல், பின்னால் வந்தவர்கள் எல்லாம் இடையூறு என்று எண்ணுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வில்லியம் மாரிஸ் 1877இல் பழைய கட்டிடங்களைக் காக்கும் சங்கத்தைத் தொடங்கியதே, ஒரு காலத்தை உயர்த்திக் காட்டுவதற்காக மற்றக் காலங்களைச் செதுக்கி எறிந்துகொண்டிருந்த கட்டிடக்காரர்களை எதிர்த்துத்தான். அளவெடுத்தேன், வரைந்தேன், படம் எடுத்தேன். ஜன்னல் மூடியே இருக்கட்டும் என்று முடிவு செய்தோம்.

மே மாதம் அடிச்சட்டம். 5.4 மீட்டர் நீளத்தில் கெட்டுப்போனது 2.2 மீட்டர். மூன்று தூண்களின் பாதமும் போயிருந்தது. சுவருக்கு முட்டுக் கொடுத்து, ஜாக்கி வைத்து, எடையை மட்டும் வாங்கிக்கொண்டோம். சுவரைத் தூக்கி நிமிர்த்த முயலவில்லை. ஐந்நூறு வருடமாகச் சாய்ந்த சுவரை நிமிர்த்தினால் வேறு எங்காவது உடையும். அழுகிய மரத்தில் மூன்று மில்லிமீட்டர் ஓட்டைகள் நிறைய. டெத்வாட்ச் என்று இங்கே அழைக்கும் வண்டு. வசந்த காலத்தில் மரத்தில் தலையால் தட்டி இணையை அழைக்கும், இரவில் காது கொடுத்தால் கேட்கும். மருந்து அடிக்கவில்லை. ஈரத்தில் மெத்தென்று ஆன ஓக்தான் அதற்குச் சாப்பாடு, காய்ந்துவிட்டால் தானாகக் குறையும்.

புது மரம் காற்றில் உலர்ந்த ஓக், அதுவும் நடுவில் உள்ள கெட்டியான வைரம் மட்டும். ஓரத்து மென்மையான வெளிறு கொஞ்சமும் வேண்டாம் என்று தச்சர் பலகைக் கடையில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துத்தான் எடுத்தார். மேலே தூண்கள் அப்படியே நிற்கும்போது கழுந்துகளைப் புதுச் சட்டத்தில் மேலிருந்து இறக்க முடியாது. அதனால் துளைகளை வெளிப்பக்கம் திறந்த காடியாக வெட்டி, சட்டத்தைப் பக்கவாட்டில் நுழைத்து, பிறகு காடியின் வாயை ஓக் துண்டுகளால் அடைத்தோம். பழைய சட்டத்தோடு சேரும் இடத்தில் சாய்வான நீண்ட இணைப்பு. முளை அடிக்கும் துளையை இரண்டு மரத்திலும் ஒரே நேர்கோட்டில் போடுவதில்லை. மூன்று மில்லிமீட்டர் தள்ளிப் போடுவார்கள். கூரான முளையைக் கொட்டாப்புளியால் அடிக்க அடிக்க, இணைப்பு கண்ணெதிரே நெருங்கி, நடுக்கோடு மறைகிறது. சத்தமும் மாறுகிறது. முதலில் ‘டொக் டொக்’ என்று இருந்தது, இறுகினதும் மணி அடித்த மாதிரி ஒலிக்கும். அதோடு நிறுத்த வேண்டும்.

அப்புறம் மண். தூண்களுக்கு இடையில் ஓக் குச்சிகளை நிறுத்தி, ஹேசல் மிலாறுகளைப் படல் பின்னுகிற மாதிரிப் பின்னி, இரண்டு பக்கமும் மண் அப்பியிருந்தார்கள். மேல் பாதி உறுதியாக இருந்தது, அதைத் தொடவில்லை. கீழே உதிர்ந்ததை அள்ளித் தொட்டியில் ஊறவைத்து, புது வைக்கோலை நறுக்கிப் போட்டு, குழந்தைகளும் நாங்களுமாக மிதித்தோம். பழைய மண்ணே மறுபடி சுவராகும், வெளியே வாங்க எதுவுமில்லை. ஒரு கட்டத்தின் ஓரத்தில், காயாத மண்ணில் யாரோ நான்கு விரலால் இழுத்த தடம் இருந்தது. மேல்பூச்சு பிடிப்பதற்காக இழுத்தது. என் விரல்களை அதில் வைத்துப் பார்த்தேன். சுண்டுவிரல் பொருந்தவில்லை, என்னைவிடச் சின்னக் கை. புதிதாக அப்பிய மண்ணிலும் நாங்கள் அதே மாதிரி விரலால்தான் இழுத்தோம்.

சுண்ணாம்பு வேலையில் என் அவசரம் எங்களைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளியது. தூண்களின் குறுக்கே பிளந்தெடுத்த செஸ்ட்நட் வரிச்சுகளைத் துருப்பிடிக்காத ஆணியால் அடித்தோம். இடைவெளி ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பல மாதம் நீரில் ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, கரடுமுரடான மணல் மூன்று பங்கு, அதோடு ஆட்டு முடி. நம் ஊர்ப் பழைய வீடுகளில் கடுக்காயும் வெல்லமும் சேர்ப்பார்கள், இங்கே வெள்ளாட்டு முடி. முடியைப் பூசும் நாளில்தான் கலக்க வேண்டும், ஈரச் சுண்ணாம்பில் கிடந்தால் அரித்துவிடும். கரணையால் ஒரு கட்டி எடுத்துத் தூக்கினால், ஓரமெங்கும் முடி தாடி போலத் தொங்க வேண்டும். அதுதான் பதம்.

முதல் பூச்சைப் பூசியது ஜூன் கடைசியில். 2023 ஜூன், பிரிட்டனின் பதிவேட்டிலேயே மிக வெப்பமான ஜூன். காலையில் பூசி, சாக்கை நனைத்துத் தொங்கவிட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். மாலை வந்தபோது சாக்கு மொடமொடவென்று காய்ந்திருந்தது. மறுநாள் காலை நாலு சதுர மீட்டரில் வலைப்பின்னல் மாதிரி விரிசல். சுண்ணாம்பு காய்வதால் இறுகுவதில்லை. காற்றிலிருக்கும் கரியமில வாயுவை ஈரத்தோடு மெல்ல உறிஞ்சி, மறுபடி கல்லாக மாறுகிறது. ஈரம் ஓடிவிட்டால் அந்த வேலை பாதியில் நின்றுபோகும். எனக்கு இது தெரியும். தெரிந்தும் மதியம் ஒரு முறை வந்து நனைக்க ஆள் ஏற்பாடு செய்யவில்லை. அந்த நாலு சதுர மீட்டரையும் சுரண்டி எடுத்தோம். ஜூலை நல்ல மழை. மேலே தார்ப்பாய் கட்டி, அதன் நிழலில் பூசினோம், ஒரு விரிசலும் இல்லை. கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் தடம் விழாத வரைக்கும் காத்திருந்து இரண்டாவது பூச்சு. ஆகஸ்டில் மெல்லிசாக மூன்றாவது. செப்டம்பரில் பால் பதத்துக்குக் கரைத்த சுண்ணாம்பில் காவிப் பொடி சேர்த்து ஐந்து தடவை அடித்தோம். ஈரத்தில் மங்கலான சதை நிறம், காய்ந்தால் இளஞ்சிவப்பு. உறைபனி வருவதற்குள் முடித்தாக வேண்டும் என்ற கவலை அதோடு தீர்ந்தது.

அக்டோபர் 20ஆம் தேதி பாபெட் புயல் வந்தது. சஃபோக்கில் அப்படி ஒரு மழையை நான் பார்த்ததில்லை. ஃப்ரம்லிங்கம், டெபன்ஹாம் போன்ற ஊர்களுக்குள் வெள்ளம் புகுந்தது. எங்கள் சுவர் முழுக்க நனைந்து, நிறம் கறுத்து, செங்காவியாக நின்றது. இரவில் இரண்டு முறை டார்ச்சோடு கூடத்துக்குப் போய், சுவரின் அடியைத் தொட்டுப் பார்த்தேன். உள்ளே ஈரம் வரவில்லை. மூன்று நாளில் வெளிப்பக்கம் திட்டுத்திட்டாக வெளுத்து, பழைய நிறத்துக்கு வந்துவிட்டது. மார்ச் மாதம் ஈரமானியை வைத்தேன். புது அடிச்சட்டம் 16, பழையது 17.

இணைப்பை மூடுவதற்கு முன் தச்சர் உளியை என் கையில் கொடுத்து, வருடத்தைக் கீறச் சொல்லியிருந்தார். புது மரத்தில், வெளியே தெரியாத முகத்தில், 2023. இன்னொரு நாள் யாராவது இந்தச் சுவரைப் பிரித்தால் எது யார் செய்தது என்று குழம்ப வேண்டாம். ஐந்து வைரப் பள்ளங்களில் மூன்றை உள்பக்கம், படுக்கையறையில், பூசாமல் விட்டிருக்கிறோம். சின்னவள் அதில் சிப்பி வைத்திருக்கிறாள்.

பின் சுவரில் நேற்று திருப்புளியை வைத்துப் பார்த்தேன். பாதி வரைக்கும் போகிறது. விண்ணப்பத்துக்கான வரைபடத்தை இந்த வாரம் தொடங்குகிறேன்.